பரோட்டா இல்லாத கோடை விடுமுறை

மே முதல் வாரம். பள்ளிக்கூடம் மூடியாயிற்று, கத்திரியும் தொடங்கிவிட்டது. மகள் டைல்ஸ் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "அப்பா, அரிசி மாவுல பரோட்டா போட முடியுமா, முடியாதா?"

மதுரையில் இருந்துகொண்டு ஒரு எட்டு வயதுப் பிள்ளையிடம் பரோட்டாவை மறந்துவிடு என்று சொல்வது லேசான காரியமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருமுனையில் இரும்புக் கல்லின் மேல் கொத்தும் சத்தம் ஆரம்பித்துவிடும். ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கும்.

போன வருடம் அவளுக்கு செலியாக் நோய் என்று உறுதியானது. வயிறு உப்புசம், எத்தனை டானிக் கொடுத்தும் ஏறாத ரத்தம், வகுப்பிலேயே குட்டையான பிள்ளை என்று இரண்டு வருடம் அலைந்த பிறகு ரத்தப் பரிசோதனை, அப்புறம் எண்டோஸ்கோப்பி. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல்கள் போன்ற பகுதி தேய்ந்துவிடுகிறது. மருந்து கிடையாது. ஆயுளுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான்.

எங்களுக்கு முதலில் வந்தது ஒருவித நிம்மதிதான். இட்லி, தோசை, சோறு, இடியாப்பம், புட்டு எல்லாமே அரிசிதானே, சப்பாத்தியை மட்டும் விட்டால் போதும் என்று நினைத்தோம். நினைப்பு எவ்வளவு தப்பு என்பது இந்த விடுமுறையில்தான் முழுதாகத் தெரிந்தது. அந்த ஒரு மாதத்தில் வீட்டில் செய்து பார்த்தவற்றை எழுதி வைக்கிறேன். மனைவிக்கு வேலை இருந்தது, எனக்குக் கடையில் ஆள் இருந்தது. அதனால் சமையலறைப் பொறுப்பு என்னிடமும் என் அம்மாவிடமும் வந்து சேர்ந்தது.

முதலில் பரோட்டா. அது தோற்றது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மைதாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது அதிலுள்ள இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ரப்பர் வலை மாதிரி ஆகிவிடும். அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் உருண்டைகளை எண்ணெயில் ஊறப் போட்டு, பிறகு வீசி வீசிக் கைக்குட்டை போல மெல்லிசாக இழுப்பது அந்த வலையை நம்பித்தான். அரிசி மாவில் அந்த வலையே கிடையாது. அதற்குப் பதில் எதையாவது போட்டுப் பிடித்து நிறுத்த வேண்டும். நான் பிடித்தது இசப்கோல் உமி. மலச்சிக்கலுக்கு வாங்குகிறோமே, அதேதான். தண்ணீர் பட்டால் கொழகொழவென்று ஜெல்லாக மாறி மாவைக் கட்டும்.

ஒரு டம்ளர் அரிசி மாவு, அரை டம்ளர் மரவள்ளிக்கிழங்கு மாவு, இரண்டு டீஸ்பூன் இசப்கோல், உப்பு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். பிசைந்ததும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கர்வத்தில் வீசிப் பார்த்தேன். ஒரு பாதி கையில் நின்றது, மறு பாதி ஃபிரிட்ஜ் கதவில் போய் ஒட்டியது. மகனும் மகளும் சிரித்த சிரிப்பில் அம்மா பூஜையறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

இரண்டாவது முறை வீசவில்லை. இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, எண்ணெய் தடவி, சேலைக் கொசுவம் போல மடித்து, சுருட்டி, மறுபடி அமுக்கிக் கல்லில் போட்டேன். இசப்கோல் பிடித்து நிறுத்துமே தவிர இழுபடாது என்பது அப்போதுதான் புரிந்தது. சூடாக இருக்கும்போது ஏதோ அடுக்கு மாதிரி தெரிந்தது. பத்து நிமிடத்தில் வறட்டி ஆகிவிட்டது. மகள் ஒரு வாய் மென்று பார்த்துவிட்டு, ரொம்ப யோசித்து, என் மனம் நோகாதபடி சொன்னாள்: "அப்பா, இது நல்லாத்தான் இருக்கு. ஆனா கொழுக்கட்டைய அமுக்கி வச்ச மாதிரி இருக்கு."

சரி, பரோட்டாவை ஓரமாக வைத்தோம். ஆனால் அந்த மாவு பிசையும்போது இன்னொரு சந்தேகம் வந்தது. இந்த அரிசி மாவு எங்கிருந்து வந்தது? மில்லில் அரைத்தது. அதே மெஷினில் வேறு என்ன அரைக்கிறார்கள்?

மறுநாள் காலையில் மில்லுக்குப் போய்க் கேட்டேன். "அண்ணே, மொத ஈடா எங்க அரிசிய போட்டா கோதுமை கலக்காதுல்ல?"

அவர் மெஷினை நிறுத்திவிட்டு, மாவு விழும் துணிப்பையைத் தட்டிக் காட்டினார். பொலபொலவென்று விழுந்தது. "மொத ஈடுன்னாலும் நேத்து அரைச்சது உள்ள இருக்கத்தான் செய்யும் தம்பி. ஒரு படி அரிசியப் போட்டு ஓட்டித் தள்ளிட்டு அரைக்கலாம். ஆனா சுத்தமா இருக்காது. பிள்ளைக்கு ஆகாதுன்னா இங்க அரைக்காதீங்க." வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று நேர்மையாகச் சொன்ன மனுஷன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். மகனுக்கு அதுவே ஒரு விடுமுறைக் கணக்காகிவிட்டது. குளூட்டன் இல்லாதது என்று லேபிளில் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியும் அதுதான். கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் ஒரு கிலோ அரிசி மாவில் 200 மில்லிகிராம் கோதுமை மாவு சேர்ந்தாலே எல்லை வந்துவிடும். கால் கிராம்கூட இல்லை. இரண்டு விரலால் கிள்ளும் அளவு. மில் பையைத் தட்டியபோது விழுந்தது அதைப்போலப் பல மடங்கு.

அன்றோடு மில் மாவு நின்றது. இப்போது பச்சரிசியைக் கழுவி ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் அரை மணி நேரம் உலர்த்தி, தொட்டால் லேசாக ஈரம் இருக்கும்போதே மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறோம். ஒரு தடவைக்கு ஒரு டம்ளருக்கு மேல் போட்டால் மிக்ஸி முனகுகிறது. சலித்த மாவை வாணலியில் வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட வேண்டும், இல்லாவிட்டால் புளித்த வாடை வரும். சலிக்கும் வேலையைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அரைக் கிலோ மாவுக்கு அடுப்பங்கரை முழுக்கக் கோலம்.

அதற்குப் பிறகு ஒரு விளையாட்டு. மகளிடம் சிவப்பு ஸ்டிக்கரும் பச்சை ஸ்டிக்கரும் கொடுத்து, அடுப்பங்கரையில் உள்ள ஒவ்வொரு டப்பாவையும் பாக்கெட்டையும் நீயே சோதனை போடு என்றேன். அவள் போலீஸ், அண்ணன் ஏட்டு. லேபிளில் உள்ள பொடி எழுத்தை அவன் படிப்பான், இவள் தீர்ப்புச் சொல்வாள். சேமியா, ரவை, மைதா எல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் சிவப்பு வாங்கின. ரவை கோதுமைதான் என்று இன்றுவரை நம்பாத சொந்தக்காரர்கள் எங்களுக்கு உண்டு. "ரவா உப்புமாதானே, கோதுமையா என்ன?" என்று தட்டை நீட்டுவார்கள். அப்புறம் பாலில் கலக்கும் மால்ட் பவுடர். மால்ட் என்றால் பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. சோயா சாஸிலும் கோதுமை. அண்ணன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்ததால் அவன் மூக்கிலும் ஒரு சிவப்பு ஒட்டப்பட்டது.

பெரிய குண்டு பெருங்காய டப்பாவில் இருந்தது. மகன் படித்தான்: "மைதா." எனக்கே நம்பிக்கை வரவில்லை, வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வரும் பெருங்காயப் பிசின் அப்படியே போட முடியாத அளவுக்குக் காரமானது. அதனால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பல கம்பெனிகளில் மைதா. ஒரு வருடமாக நாங்கள் சப்பாத்திக்கட்டையைக்கூட ஒளித்து வைத்துவிட்டு, தினமும் ரசத்திலும் சாம்பாரிலும் கோதுமையைத் தூவிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அம்மாவுக்கு இது பெரிய அவமானமாகிவிட்டது. "அம்பது வருஷமா சமைக்கிறேன், பெருங்காயத்துல கோதுமையா?" என்று இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கடைவீதியில் நாலு கடை ஏறி இறங்கி, அரிசி மாவு சேர்த்தது என்று லேபிளில் அச்சிட்ட ஒரு டப்பாவோடு வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்காரர் முன்னாலேயே படித்துப் பார்த்தாராம்.

ஏட்டு வேலை முடிந்ததும் கம்பு, தினை இரண்டையும் முறத்தில் கொட்டிக் கொடுத்தோம். சிறுதானியங்களில் குளூட்டன் கிடையாது. ஆனால் கடையில் ஒரே அள்ளுக்கரண்டி எல்லா மூட்டைக்கும் போகும். ஒரு கிலோ கம்பில் மகள் பதினோரு கோதுமை மணியைப் பொறுக்கி எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு, 'கைதிகள்' என்று எழுதி வைத்தாள். அந்தத் தீப்பெட்டி இன்னும் இருக்கிறது. பொறுக்கியபின் கழுவி, காயவைத்துத்தான் அரைக்கிறோம்.

நடுவில் ஒரு நாள் கேக் செய்தோம். கேழ்வரகு மாவு, வாழைப்பழம், முட்டை, நாட்டுச் சர்க்கரை. நன்றாக வந்தது. முட்டை இருந்தால் கேக்குக்குக் குளூட்டன் இல்லாத குறை அவ்வளவாகத் தெரியாது, அதனால் எழுத ஒன்றுமில்லை.

விளையாட்டு மாவுதான் எழுத வேண்டிய விஷயம். பிள்ளைகள் உருட்டி விளையாடும் வண்ண மாவு கடைகளில் கிடைப்பது பலதும் கோதுமையில் செய்ததுதான். தோலில் பட்டால் செலியாக் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எட்டு வயதில் எந்தப் பிள்ளை கையை வாயில் வைக்காமல் இருக்கிறது? அதனால் வீட்டிலேயே கிண்டினோம். ஒரு டம்ளர் அரிசி மாவு, அரை டம்ளர் சோள மாவு (வெள்ளையாக இருக்குமே, சூப்பில் போடுவது), அரை டம்ளர் உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கரண்டி எண்ணெய், அரை மூடி எலுமிச்சை. எல்லாவற்றையும் அடுப்பில் வைக்கும் முன்பே கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, சிறு தீயில் அல்வா மாதிரி கிண்ட வேண்டும். ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது இறக்கிவிடலாம். முதல் முறை அவசரப்பட்டு இறக்கியதால் ஆறிய பிறகும் கையில் ஒட்டியது. மறுபடி அடுப்பில் ஏற்றியதும் சரியாகிவிட்டது. உப்பு இருப்பதால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

சாயத்துக்கு பீட்ரூட் சாறும் மஞ்சள்தூளும். மஞ்சள் உருண்டையில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைச் சேர்த்துப் பிசையச் சொன்னேன். மகள் கண் முன்னாலேயே மாவு செங்கல் நிறத்துக்கு மாறியது. ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவப்பது போலத்தான். சுண்ணாம்பு பிள்ளைகள் கைக்கு ஆகாது, சோடா பரவாயில்லை. அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டு விட்டால் மறுபடி மஞ்சள். அன்று மதியம் ஆறு எலுமிச்சம்பழம் போனது. அதன் விலையை நான் வீட்டில் சொல்லவில்லை.

பட்டம் ஒட்டும் பசையும் மைதாக் கஞ்சிதான் என்பது பக்கத்து வீட்டுப் பையன்கள் வாளியோடு மாடிக்கு வந்தபோதுதான் உறைத்தது. நாங்கள் ஜவ்வரிசியைக் கூழாகக் காய்ச்சிக் கொடுத்தோம். மரவள்ளி மாவுதானே, பசை மைதாவைவிட நன்றாகவே பிடித்தது. ஆனால் இரண்டாம் நாள் எறும்பு வந்துவிட்டது, அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும்.

இந்த ஜவ்வரிசிதான் வத்தலுக்கு வழி காட்டியது. "இவ்வளவு வெயில் வீணா போகுதே" என்று அம்மா தினமும் முனகிக்கொண்டிருந்தார். கூழ் வத்தல் போட்டு நாலைந்து வருடமாகிறது. மில் வேண்டாம், கிரைண்டரில் ஆட்டிக்கொள்ளலாம் என்று அவரே வழியும் சொன்னார். நான் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள்: "அப்பத்தா, தீபாவளிக்கு இதுலதான அல்வாவுக்குக் கோதுமை ஆட்டுனீங்க?"

அடுப்பங்கரையே அமைதியாகிவிட்டது. போலீஸ் வேலை நன்றாகத்தான் ஏறியிருந்தது. கல்லைக் கழற்றி, பொளிந்த குழிகளுக்குள்ளெல்லாம் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, இரண்டு முறை வெறும் அரிசியை ஆட்டிக் கொட்டினோம். அதோடு கோதுமை அல்வாவுக்கு இந்த வீட்டில் விடை கொடுத்தாயிற்று. இடியாப்ப உரல் மரத்தில் செய்தது. அப்பா இருந்த காலத்தில் சர்க்கரைக்காக அதில் கோதுமை இடியாப்பம் பிழிந்த நாட்கள் உண்டு. மரத்தின் விரிசலைக் கழுவ முடியாது. அதைப் பரணில் ஏற்றிவிட்டுப் பித்தளையில் புதிது வாங்கினோம். தோசைக்கல்லும் அவளுக்குத் தனி.

வத்தலுக்கான அளவு: பச்சரிசி 4 டம்ளர், ஜவ்வரிசி அரை டம்ளர், தண்ணீர் ஆட்டுவதற்கு விட்டதையும் சேர்த்து 12 டம்ளர். பச்சை மிளகாய் 15, சீரகம், கல்லுப்பு, புதுப் பெருங்காயம், இரண்டு எலுமிச்சை. அரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல ஆட்டி, ராத்திரி முழுக்க வைத்தோம். ஜவ்வரிசி தனியாக ஊறியது. விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் கொதிக்க வைத்து, ஜவ்வரிசி கண்ணாடி மாதிரி வெந்ததும் மிளகாய் விழுதையும் உப்பையும் போட்டு, மாவை ஒரு கை ஊற்ற ஊற்ற மறு கை கிண்டியது. கிண்டுகோலைப் பிடித்தவன் நான். இருபது நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். இறக்கிய பிறகுதான் எலுமிச்சை.

உப்பில் நான் சறுக்கினேன். கூழை ருசி பார்த்தேன், சரியாக இருந்தது. அப்படி இருந்தால் தப்பு. காய்ந்தால் தண்ணீர் போய் உப்பு மட்டும் மிஞ்சும், அதனால் கூழில் உப்பு குறைவாகத்தான் தெரிய வேண்டும். அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் நடந்த அநியாயம் இது.

ஆறு மணிக்கு மொட்டை மாடியில் அப்பாவின் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்தோம். மகன் நேர்கோடாகப் பிழிந்தான். மகள் தன் பெயர், பூனை, ஒரு மயில், அப்புறம் எதுவென்று தெரியாத ஒரு மிருகம். கூழ் சூடாக இருக்கும்போதே பிழிய வேண்டும், ஆறினால் அச்சில் இறங்காது. ஆனால் உரல் கையைச் சுடும், துணி சுற்றிக் கொடுத்தேன். ஏழரைக்குள் முடித்துவிட்டோம், அதற்கு மேல் தரை கால் வைக்க விடாது.

காக்கா காவல் முறை வைத்து நடந்தது. மாடிப்படி நிழலில் பாய், ஒரு சொம்பு மோர், கம்பு நுனியில் கட்டிய கறுப்புத் துணி. பக்கத்து வீட்டுப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். கரிக்கட்டையால் சுவரில் கணக்கு எழுதினார்கள்: காக்கா 7, நாங்க 31. முதல் நாள் சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து வத்தலை உரித்தோம். மயில் இரண்டாக உடைந்தது, அதற்கு ஒரு மணி நேரம் அழுகை. அப்புறம் தாம்பாளத்தில் இரண்டு நாள் வெயில். ஒடித்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும்.

பொரித்தபோது உப்பு தூக்கலாகத்தான் இருந்தது. தயிர்சாதத்துக்கு ஓடிவிடும் என்று அம்மா பெரிய மனது பண்ணினார். பூரி சுட்ட எண்ணெய் கூடாது, புது எண்ணெய்தான். அடுத்த வாரம் உப்பைப் பாதியாக்கி இரண்டாவது ஈடு போட்டோம்.

கடைசி வாரம் ஒரு ராத்திரி, தெருமுனைச் சத்தம் கேட்டதும் மகள் சொன்னாள்: "எனக்குப் பரோட்டா வேணாம்ப்பா. அந்தச் சத்தம் போடணும்."

காலையில் பிழிந்த இடியாப்பம் ஃபிரிட்ஜில் இருந்தது. வெந்த அரிசி மாவு குளிர்ந்தால் இறுகும், அதனால் உதிர்த்தால் குழையாமல் நூல் நூலாக நிற்கும். புது இடியாப்பத்தில் செய்தால் களியாகிவிடும். அவளுடைய கல்லில் எண்ணெய், வெங்காயம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய், தக்காளி, இரண்டு முட்டை. தேங்காய், கசகசா, சோம்பு, பொட்டுக்கடலை அரைத்து அம்மா வைத்த சால்னா இரண்டு கரண்டி. இடியாப்பத்தைப் போட்டுக் கிளறி, அடுப்பை அணைத்துவிட்டு, கையில் இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தேன். கல் சூடாகத்தான் இருக்கும், அதனால் பின்னால் நின்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

டங் டங் டங் டக டக டங். கீழ் வீட்டிலிருந்து போன் வந்தது, என்ன உடைகிறது என்று. மகன் எனக்கு எனக்கு என்று குதித்தான். டம்ளர் இரண்டின் விளிம்பும் நெளிந்துவிட்டது, மனைவி மறுநாள் காலையில்தான் பார்த்தாள்.

ஜூனில் பள்ளி திறக்கிறது. இரண்டாவது ஈடு வத்தலில் ஒரு டப்பா அவள் வகுப்புக்கு. மூடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. உப்பு கூடிப்போன முதல் ஈடு பரணுக்குக் கீழே இருக்கிறது, யாராவது சொந்தக்காரர்கள் வந்தால் தாராளமாகக் கொடுக்கலாம் என்கிறார் அம்மா.